படிவம் வாசித்துக் காட்டுதல்

முதல் வரியிலேயே சிக்கிக்கொண்டேன்.
"மருத்துவச் சோதனையில் பங்குபற்றுவதற்கான சம்மதம்."
செபமாலையர் கை உயர்த்தினார்.
"பிள்ளை, அந்தச் சொல்லை முதலிலை எடு.
சோதனை எண்டால் எனக்கு
சைக்கிளை விட்டிறங்கி
ரெண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிக்கிறதுதான்."

பாசையூர்ச் சனசமூக நிலையம் சிரித்தது.
நான் பேனாவை எடுத்து
பதினேழு பிரதியிலும் வெட்டி
"ஆய்வு" என்று எழுதினேன்.
அதற்கு மறுநாள் பீடத்தில் நல்ல ஏச்சு வாங்கினேன்:
நெறிமுறைக் குழு பார்க்காமல்
ஒரு காற்புள்ளிகூட மாறக்கூடாதாம்.
ஏச்சு எனக்கு. வேலி உங்களுக்கு.
பரவாயில்லை.

தை பிறந்ததும் தொடங்குவோம்.
சீனி வருத்தத்தால் காலில் ஆறாத புண் உள்ளவர்களுக்கு
நாளுக்கு ஒரு குளிசை, ஆறு மாதம்.
பாதிப் பேருக்கு மருந்துக் குளிசை,
பாதிப் பேருக்கு வெறுங்குளிசை.
ஒரே மஞ்சள், ஒரே பருமன்,
நாக்கில் வைத்தால் ஒரே கசப்பு.
புண் கழுவிக் கட்டுவது எல்லாருக்கும் உண்டு,
இப்போது கட்டுகிற மாதிரியே.
புதுக் குளிசை நல்லதோ என்று
எங்களுக்கு இன்னும் தெரியாது.
தெரிந்திருந்தால் உங்களிடம் வந்து
இப்படிக் கேட்டுக்கொண்டு நிற்கமாட்டோம்.

"ஆருக்கு எது எண்டு ஆர் சொல்லுறது?"
திருவுளச்சீட்டு மாதிரி, என்றேன்.
கணினி எடுக்கும் சீட்டு.
டொக்டருக்குத் தெரியாது. எனக்குத் தெரியாது.
உறைகள் கொழும்பில் ஒரு இரும்புப் பெட்டிக்குள்.
யாருக்காவது கடுமையாய் ஏதும் வந்தால்
அவருடைய உறையை மட்டும்
அந்த நிமிடமே உடைக்கலாம்.
மற்றபடி முடியும்வரை இருட்டுத்தான்.
தெரிந்தால், ஆறாத புண்ணும்
ஆறினமாதிரித் தெரியும் எங்கள் கண்ணுக்கு.
எங்களை நாங்களே நம்பாமலிருக்கத்தான் இந்த ஏற்பாடு.

"தேத்தண்ணியும் சீட்டுப் போட்டோ?"
இதுவும் செபமாலையர்தான்.

பிறகு ஆறாம் பந்தியை வாசித்தேன்.
நீங்கள் எந்த நேரமும் விலகலாம்.
காரணம் சொல்லத் தேவையில்லை.
விலகினால் பெரியாஸ்பத்திரிக் கிளினிக்கில்
உங்கள் வைத்தியம் குறையாது, முறையும் பிந்தாது.

மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.
யாரோ சொன்னார்: "திருப்பி வாசி."
திருப்பி வாசித்தேன்.
இவ்வளவு காலமும் இவர்கள் ஒப்பம் வைத்த கடதாசிகளில்
போகலாம் என்று எழுதிய கடதாசி
எத்தனை இருந்திருக்கும்?

ஒன்பதாம் பந்தி:
உங்கள் பெயர் நீக்கப்பட்டு
இலக்கம் இடப்படும்.

பின்வரிசையில் திலகேஸ்வரி.
வலது காலில் பண்டேஜ், மடியில் கிளினிக் கொப்பி.
"என்ரை மகனுக்கும் ஒரு இலக்கம் குடுத்தவை,"
என்றார், விலை சொல்லுகிற குரலில்.
"கோப்பிலை இருக்கு. இலக்கம்."

பயிற்சி வகுப்பில்
எல்லாக் கேள்விக்கும் பதில் எழுதித் தந்திருந்தார்கள்.
ஒற்றையைப் புரட்டினேன். இல்லை.

பெயர்கள் ஒரு அலுமாரியில் இருக்கும் அம்மா,
பூட்டித்தான் வைப்போம் என்றேன்.
"திறப்பு ஆரிட்டை?"
எங்களிடம்.
"எங்களெண்டு ஒருத்தரும் இல்லைப் பிள்ளை. பேரைச் சொல்லு."

நிரோசினி என்றேன்.
நிரோசினி அமிர்தலிங்கம், கொக்குவில்.

கொப்பியின் பின்மட்டையைத் திருப்பி
என் முன்னால் வைத்தார்.
பேனாவையும் தந்தார்.
அலுமாரித் திறப்பு என்னிடம் என்று எழுதி,
திகதி போட்டு
ஒப்பம் வைத்தேன்.
என் கை கொஞ்சம் நடுங்கியது.
இத்தனை பேரிடம் கேட்டிருக்கிறேன்,
என்னிடம் யாரும் கேட்டதில்லை.

அவர் மையை ஊதிக் காயவைத்தார்.
படிவத்தை நாலாய் மடித்து
"யோசிச்சுச் சொல்லுறன்" என்று
நொண்டி நொண்டி வெளியே போனார்.

பதினேழு கொடுத்தேன்.
இன்றைக்கு வெள்ளிக்கிழமை, ஐந்து திரும்பியிருக்கின்றன.
செபமாலையருடையதில் மீன்மணம்.
திலகேஸ்வரியுடையது வரவில்லை.

என் ஒப்பம் அவரிடம் இருக்கிறது.